டி.சி. என்கிற இரண்டெழுத்து

எங்க அம்மா கரும்பு வெட்டக் கூலிக்குப் போன கொல்லை எங்க தாத்தாவோட கொல்லை. இது எனக்குத் தெரியவந்தது எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான். அதுவரைக்கும் எனக்கு அது பெரிய வீட்டுக்காரர் கொல்லை. சங்கராபுரத்திலிருந்து எங்க ஊருக்குப் போகிற ரோட்டில், மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிற இடத்தில், ஒரு வேப்பமரம் நிற்கிற மேட்டு நிலம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வரப்பில் ஒரு துண்டு கரும்பு ஒடித்ததற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். அடித்தவர் பெரிய வீட்டுக்காரர் இல்லை. எங்க அம்மா. "அடுத்தவங்க பொருள்ல கை வெப்பியா, வெப்பியா" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். ஆயா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பல வருஷம் கழித்து, பழைய சாதிச் சான்று ஒன்றைத் தேடி ஆயாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு காகிதம், எட்டாக மடித்தது, மடிப்பெல்லாம் பிய்ந்துபோனது.

"இது என்னா ஆயா?"

"கொல்லப் பத்திரம்."

"எந்தக் கொல்ல?"

"வேப்பமரத்துக் கொல்லதான். அந்த மரம் நா வச்சது."

அம்மாவிடம் போய், ஒனக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். தெரிஞ்சி என்னா பண்றது? ஒங்கிட்டச் சொல்லியிருந்தா நீ ஒடிச்சிக்கினேதான் இருந்திருப்ப" என்றாள்.

அந்தக் காகிதம் தாத்தாவுடைய அப்பாவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த பட்டா. சங்கராபுரம் அப்போது தென்னார்க்காடு ஜில்லா. பட்டாவில் 'டி.சி.' என்று இருந்தது. 'டிப்ரஸ்டு கிளாசஸ்', ஒடுக்கப்பட்ட வகுப்பார். அந்தப் பெயரும் நமக்கு வேறு யாரோ வைத்த பெயர்தான். ஆனால் அந்த இரண்டெழுத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. அதைத்தான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோம்.

பஞ்சமி நிலத்தின் கதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியாததில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1891 இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். தரிசு நிலத்தை விண்ணப்பம் போட்டு வாங்குகிற தர்க்காஸ்து முறை அன்றைக்கும் இருந்தது. ஆனால் பறையர் ஒருவர் தர்க்காஸ்து போட்டால், அந்த நிலம் எனக்குத்தான் என்று மிராசுதார் முன்னால் வந்து நிற்கலாம், சட்டமே அவருக்கு முதல் உரிமை கொடுத்திருந்தது. குடியிருக்கிற குடிசை மனைகூட மிராசுதாருடையது. கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துப் போடலாம். இதையெல்லாம் அவர் எழுதினார். அதன்பேரில் 1892 செப்டம்பர் 30 இல் 1010 ஆம் எண் வருவாய்த்துறை ஆணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. இப்படி ஒதுக்கியது மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிராசுதாரின் நஞ்சையில் ஒரு காணியைக்கூட வெள்ளைக்காரன் தொடவில்லை. கொடுத்தது தரிசு. எங்க பூட்டன் அந்த மேட்டு நிலத்தில் கல் பொறுக்கி, காரை முள் வெட்டிப் பண்படுத்தவே பல வருஷம் ஆனது என்று ஆயா சொல்லும்.

கொடுத்த நிலத்துக்கு நிபந்தனை போட்டார்கள். முதல் 10 வருஷம் விற்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் நம் வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் அந்த மாற்றம் செல்லாது, அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நல்ல நிபந்தனை. நான் அதைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் நம் கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான். அந்த நிபந்தனை செல்லும் என்று உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் நிலம் எப்படிப் போனது?

எங்க தாத்தா கதையைச் சொன்னால் தெரியும். 1970களின் ஆரம்பம். கொல்லையில் கிணறு கிடையாது. பக்கத்துக் கொல்லைக்காரரான பெரிய வீட்டுக்காரருக்கு இருந்தது. கிணறு வெட்ட பேங்கில் கடன் கேட்டால் நிலத்தை அடமானம் வை என்றார்கள். டி.சி. நிலத்தை அடமானமாக வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று அவர்களே சொன்னார்கள். மழை இல்லாத ஒரு வருஷம் தாத்தா பெரிய வீட்டில் மூன்று மூட்டை கேவுரும் நானூறு ரூபாயும் வாங்கினார். எழுதிக் கொடுத்தது போக்கியம் என்றுதான் தாத்தாவுக்குச் சொன்னார்கள். கைநாட்டு வைத்தார். போக்கியம் மூன்று வருஷம் என்றார்கள். மூன்றாவது வருஷம் தாத்தா பணத்தைத் திரட்டிக்கொண்டு போய் நின்றபோது, "அது போக்கியம் இல்லடா, கிரயம்" என்று பதில் வந்தது. தாத்தா திரும்பி வந்து அந்த வேப்பமரத்தடியில் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்தார் என்று ஆயா சொன்னது. மறுவாரமே அந்தக் கொல்லையில் ஏர் ஓட்டக் கூலிக்குப் போனார்.

நான் முதல் தடவை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் வாங்கிப் பார்த்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, ஒங்க தாத்தா வித்தாரா இல்லையா?"

"போக்கியம்னு சொல்லி ஏமாத்திட்டாங்க சார்."

"பத்திரத்துல கிரயம்னு இருக்குது. கைநாட்டு யாரோடது? தாத்தாவோடது. விக்கக் கூடாதுன்னு நிபந்தன யாருக்கு? தாத்தாவுக்கு. அப்ப நிபந்தனைய மீறினது யாரு?"

நான் பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வந்தேன். இலக்கணம் படித்த எனக்கு ஒரு வாக்கியத்தின் எழுவாய் எதுவென்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான். மீறினது யாரு?

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ரொம்பத் தூரத்திலிருந்து. நில உரிமை பற்றிய ஒரு பயிலரங்கில் ஒரு தோழர் நியூசிலாந்து மாவோரி மக்களின் நிலம் பற்றிப் பேசினார். எனக்கு அதுவரை மாவோரி என்றால் கிரிக்கெட்டுக்காரன் ஊர் ஆதிகுடி என்பதற்கு மேல் தெரியாது. அன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

1840 பிப்ரவரி 6 இல் வைத்தாங்கி என்கிற இடத்தில் மாவோரித் தலைவர்களோடு பிரிட்டிஷ் அரசு ஒப்பந்தம் போட்டது. உங்கள் நிலம் உங்களுக்கே, ஆனால் விற்பதானால் அரசுக்குத்தான் முதலில் விற்க வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. தனியார் ஏமாற்றாமல் இருக்கப் பாதுகாப்பு என்றார்கள். வாங்குகிறவன் ஒருத்தன்தான் என்றால் விலை யார் கையில் இருக்கும்? அரசு குறைந்த விலைக்கு வாங்கி, குடியேற வந்த வெள்ளையர்களுக்கு அதிக விலைக்கு விற்றது. 1865 இல் பூர்வகுடி நிலங்களுக்கென்று தனிக் கோர்ட் வைத்தார்கள். ஒரு கூட்டமே சேர்ந்து ஆண்ட நிலத்துக்கு, பத்துப் பேருக்கு மேல் பெயர் எழுத மாட்டோம் என்றது அந்த ஏற்பாடு. மிச்சம் பேர் காகிதத்தில் இல்லாமல் போனார்கள். கோர்ட் செலவு, சர்வே செலவு, வாரக்கணக்கில் வெளியூரில் தங்கிச் சாப்பிட்ட கடன். அதை அடைக்க நிலத்தையே விற்றார்கள்.

என்னைத் தூக்கிப் போட்டது அடுத்த விஷயம். தாராநாக்கி என்கிற பகுதியில் 1865 இல் பறிமுதல் செய்த நிலத்தில் ஒரு பங்கை மாவோரிகளுக்கென்று ஒதுக்கினார்கள். ஆனால் கையில் கொடுக்கவில்லை. உங்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று பொது அறங்காவலர் என்ற அரசு அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதை வெள்ளை விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். 1892 இல் ஒரு சட்டம் வந்து அந்தக் குத்தகையை நிரந்தரமாக்கிவிட்டது. 21 வருஷம் முடிந்தால் இன்னொரு 21, அது முடிந்தால் இன்னொரு 21. நிலம் மாவோரி பேரில், உழுகிறவன் வெள்ளைக்காரன், சொற்பக் குத்தகைப் பணம் அதிகாரி வழியாக வரும். சொந்தக்காரன் தன் நிலத்தில் கால் வைக்க முடியாது.

1892. எங்க பூட்டனுக்குப் பிறகு பட்டா கிடைக்கக் காரணமான ஆணையும் அதே வருஷம். ஒரே ராணி, ஒரே முத்திரை. அங்கே ஆதிகுடிகளிடம் பிடுங்கிய நிலத்தை அவர்களுக்கே கொடுப்பதுபோல் கொடுத்துக் குத்தகையில் கட்டிப்போட்டார்கள். இங்கே சாதி பிடுங்கி வைத்திருந்ததைத் தொடாமல், தரிசைக் கொடுத்து நிபந்தனையில் கட்டினார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே சட்டமே பிடுங்கியது. இங்கே சட்டம் நம் பக்கம்தான் இருந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் 'பாதுகாப்பு' என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டு இடத்திலும் பூட்டு நிலத்துக்காரன் கையைச் சுற்றி, சாவி ஆபீசில்.

அப்போதுதான் அந்த எழுத்தர் கேட்ட கேள்விக்குப் பதில் புரிந்தது. எங்க தாத்தா ஒருத்தர் மட்டும் மீறி அந்த நிலம் போயிருக்க முடியாது. கைநாட்டு அவருடையது, சரி. போக்கியம் என்று சொல்லிக் கிரயம் எழுதிய பத்திர எழுத்தருக்கு அது டி.சி. நிலம் என்று தெரியாதா? பதிந்து கொடுத்த இடத்தில் யாரும் பழைய பட்டாவைக் கேட்கவில்லையா? பெயர் மாற்றிக் கொடுத்த கர்ணத்துக்குத் தெரியாமல் ஊரில் ஒரு புளியமரம்கூட இருந்ததில்லையே? எல்லாவற்றுக்கும் மேலே, அது நம் ஆள் நிலம், வாங்கக் கூடாது என்று வாங்கினவருக்குத் தெரியாதா? நிபந்தனை விற்றவனுக்கு மட்டும் இல்லை. வாங்கினவனுக்கும், எழுதினவனுக்கும், பதிந்தவனுக்கும் உண்டு. ஐந்து கை சேர்ந்து மீறியதில் ஒரு கைக்கு மட்டும் மை தடவி வைத்திருக்கிறார்கள்.

கடைசிக் கை இன்னும் இருக்கிறது. 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். பழைய கணக்கையெல்லாம் திருத்தி, அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயருக்குப் புதுக் கணக்கு எழுதினார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே 1980 இல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை அரசு ஒழித்தது, நல்ல காரியம். ஆனால் கணக்கில் ஊறியிருந்த சாதி ஒழியவில்லை. எங்க கொல்லையின் பழைய பதிவேட்டில் குறிப்பு எழுதுகிற இடத்தில் டி.சி. என்று இருக்கிறது. யு.டி.ஆருக்குப் பிறகு வந்த 'அ' பதிவேட்டில் அந்த இடம் காலி. பெரிய வீட்டுக்காரர் பெயர், சர்வே எண், தீர்வை எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டெழுத்து மட்டும் இல்லை. கத்தி எடுக்கவில்லை, குடிசை கொளுத்தவில்லை. ஒரு பேனா எழுதாமல் விட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய பதிவேட்டைப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. 1993 இல் தென்னார்க்காடு பிரிந்தது. 2019 இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கடலூருக்குப் போனால் விழுப்புரத்தில் கேள் என்றார்கள், விழுப்புரத்தில் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியாச்சு என்றார்கள், கள்ளக்குறிச்சியில் இன்னும் வரவில்லை என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மேல்முறையீடு செய்துதான் ஒரு நகல் கிடைத்தது. பிறந்த குழந்தையைப் பார்ப்பது மாதிரி அந்த இரண்டெழுத்தைப் பார்த்தேன்.

மலைக்கு மேலே வேறு கதை. கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாக இருந்தது. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963 இலேயே வந்தும், மலையை அரசு கையில் எடுத்தது 1976 இல்தான். அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாய் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு நிற்கிறார்கள். சங்கராபுரம் சந்தைக்குப் புளி கொண்டுவருகிற ஒரு மலைக்கார அக்காவிடம் எங்க கதையைச் சொன்னேன். "எங்களுக்கு நெலம் கீது, காயிதம் இல்ல. ஒங்களுக்குக் காயிதம் கீது, நெலம் இல்ல" என்று சிரித்தது. 2006 வன உரிமைச் சட்டத்தை அந்த மக்களும், 1892 ஆணையை நாமும் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஆபீஸ் வாசலில்தான் நிற்கிறோம்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்துப்போனார்கள். கர்நாடகத்தில் 1978 இலேயே இப்படிப்பட்ட நிலத்தை மீட்கத் தனிச் சட்டம் வந்தது, உச்ச நீதிமன்றமும் 1984 இல் அது செல்லும் என்றது. சமூகநீதி பேசுகிற நம் மாநிலத்தில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. பழைய நிலை ஆணையையும், பட்டாவில் இருக்கிற நிபந்தனையையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மாவோரிகள் 1975 இல் வடகோடியிலிருந்து தலைநகர் வரைக்கும் நடந்தார்கள். முன்னால் நடந்தது வீனா கூப்பர் என்கிற வயதான அம்மா. இனி ஒரு ஏக்கரும் போகக் கூடாது என்பது கோஷம். அந்த வருஷமே வைத்தாங்கித் தீர்ப்பாயம் வந்தது. 1985 இல் அதற்கு 1840 வரைக்கும் பின்னால் போய் விசாரிக்க அதிகாரம் கொடுத்தார்கள். எல்லா நிலமும் திரும்பிவிடவில்லை. ஆனால் எப்படிப் போனது என்பதை அரசே உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டி வந்தது. நமக்கு அதுகூட நடக்கவில்லை.

இனி எங்க வீட்டுச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். மனு எழுத உட்கார்ந்தபோது சித்தப்பா கேட்டார்: "நெலம் திரும்ப வந்தா நம்ம பேருக்கு வருமா?" நான் உண்மையைச் சொன்னேன். நிபந்தனை மீறிய நிலத்தை அரசு எடுத்தால், நம் மக்களில் நிலமில்லாத வேறு யாருக்கும் ஒதுக்கலாம். நமக்கே வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. "அப்பறம் நாம எதுக்கு ஓடணும்? பெரிய வீட்டுல பேசி ஏதாவது பணம் குடுக்கச் சொல்லலாம்" என்றார். சித்தப்பாவை நான் திட்டவில்லை. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். ஆனால் இப்போது பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்த எழுத்தர் கேட்ட கேள்விக்கு நாமே இரண்டாவது தடவை கைநாட்டு வைக்கிறோம் என்று அர்த்தம்.

இன்னொன்று. வாரிசுப் பட்டியலில் அத்தை பெயரை விட்டுவிட்டார்கள். கட்டிக் கொடுத்தாச்சு, அதுக்கு என்னா என்றார் சித்தப்பா. கல் பொறுக்கினதில் ஆயா பாதி, வேப்பங்கன்றுக்குத் தண்ணி ஊற்றியது அத்தை. எந்தப் பட்டாவிலும் ஆயா பெயர் கிடையாது. பத்துப் பேர் பெயரை எழுதிவிட்டு மிச்சம் பேரை விட்ட வெள்ளைக்காரன் கோர்ட்டைத் திட்டிக்கொண்டே நாமும் அதையே செய்வதா? அத்தை பெயரைச் சேர்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியில் மனு எங்க குடும்பத்து மனுவாகப் போகவில்லை. பழைய பதிவேட்டில் டி.சி. என்று இருந்த மற்ற சர்வே எண்களையும் சேர்த்துத் தெரு மனுவாகக் கொடுத்தோம். யாருக்கு ஒதுக்கினாலும் சேரிக்கு ஒதுக்கு, முதலில் அந்த இரண்டெழுத்தைத் திரும்ப எழுது என்பதுதான் கோரிக்கை. ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பறித்து வைத்திருப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்பதையும் எழுதினோம். ஆயா இப்போது இல்லை. அந்தப் பிய்ந்த காகிதத்தின் நகல்தான் மனுவில் முதல் இணைப்பு.

மனு கொடுத்த வாரமே அம்மாவுக்கு அந்தக் கொல்லையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கூடப் போகிற நாலு பேருக்கும் இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் அந்த நாலு வீட்டு அடுப்பும் அணையுமோ என்று பயம். அம்மா சொன்னாள்: "மரவள்ளி புடுங்க வேற ஊருக்குப் போறோம். அந்த நாலு பேரும்தான் கையெழுத்துப் போட்டாளுங்க. நீ மனுவ வாபஸ் வாங்கறேன்னு மட்டும் சொல்லிடாத."

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒரு ஆயா இருக்கும். அது இருக்கும்போதே கேளுங்கள். புதுப் பட்டாவை நம்பாதீர்கள், யு.டி.ஆருக்கு முந்தின பதிவேட்டைக் கேளுங்கள். குறிப்பு எழுதுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே அந்த இரண்டெழுத்து இருந்தால், அடுத்தவர் கொல்லை என்று சொல்லி உங்கள் பிள்ளையை அடிக்காதீர்கள்.